பத்துக்குப் பிறகு பத்தொன்பது

ஒரு மின்னணுத் திரையில் தெரிந்த எட்டை, மனைவியின் நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து அழிக்கப் பார்த்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

திரையில் அப்போது இருக்கவேண்டிய எண் மூன்று. எட்டு அதற்கு முந்தையது. ஆனால் மூன்றின் இடது பக்கத்தில், எட்டுக்குச் சொந்தமான இரண்டு வளைவுகள் சாம்பல் நிறத்தில் மிச்சமிருந்தன, விருந்து முடிந்தும் கிளம்பாத உறவினர்போல. அழுக்கு என்று முடிவு செய்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். தலைவலித் தைலம் போட்டுத் துடைத்தேன். கடைசியாகச் சரோஜாவின் அலமாரியிலிருந்து அந்தச் சின்னப் புட்டி. எட்டு போகவில்லை. திரையின் மேலிருந்த பிளாஸ்டிக்தான் போயிற்று.

"என்னாங்க, நகத்துக்கு வாங்குனத எதுக்கு எடுத்தீங்க?" என்றாள் சரோஜா.

"எட்டைத் துடைக்க."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், எந்த இடத்தில் கேள்வியை நிறுத்தவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

இது நடந்தபோது நான் மலேசியாவில், மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில், பராமரிப்புப் பிரிவில், அனுபவமுள்ள மின்னணு டெக்னீஷியன். அனுபவமுள்ள என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். என் நாற்காலியில் இருக்கும் தர்ஷினி போன மாதம் போன் செய்தாள். "அங்கிள், அந்தக் கே.டி. ரூம் கதைய எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அவங்களும் நம்ப மாட்றாங்க." இப்போதெல்லாம் அந்த மாதிரித் திரைகள் ஆயத்தமாகவே வந்துவிடுகின்றனவாம். எண்ணைக் கொடுத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்குக் கேட்கவேண்டி வந்தது.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். பிள்ளை அந்த மரத்தைத் தொடவே கூடாது என்று என்னைப் படிக்க அனுப்பினார். நான் மின்னணுவியல் படித்து, சில வருடம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவதில் தேர்ச்சி பெற்று, கடைசியில் மூவாருக்கு வந்து சேர்ந்தேன். அங்கே எனக்குக் கொடுத்த வேலை, பால் வற்றி வெட்டிச் சாய்த்த ரப்பர் மரத்தைக் காயவைக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது. கேள்விப்பட்டதும் அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்.

எங்கள் பிரிவின் தலைவர் ஹாஜி. முழுப்பெயர் நீளமானது, தொழிற்சாலையில் முதலாளியான தவுக்கே முதல் காவலாளிவரை எல்லோருக்கும் அவர் ஹாஜிதான். மூவாரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. இவர் மட்டும் கரண்டியை விட்டுவிட்டு ஸ்பானரைப் பிடித்தவர். யாரையும் திட்டமாட்டார். திட்டினால் பரவாயில்லை என்று நமக்குத் தோன்றும்படி ஒரு கேள்வி கேட்பார்.

நான் சேர்ந்த முதல் வாரம், மரத்தூளை உறிஞ்சும் பெரிய விசிறி நின்றுபோனது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

"மோட்டார் எரிஞ்சு போச்சு ஹாஜி."

"எரிஞ்சதப் பார்த்தியா தம்பி?"

"வாசனை வந்துச்சு."

"என்ன வாசனை?"

"கருகுற வாசனை."

"நீ பார்த்தது விசிறி நிக்குறத. மோந்தது கருகுற வாசனைய. மோட்டாரு எங்கேருந்து வந்துச்சு?"

மோட்டார் என் மண்டையிலிருந்து வந்திருந்தது. விசிறியின் பெல்ட் கழன்றிருந்தது, அவ்வளவுதான். வாசனை, பக்கத்துப் பாய்லரில் வேலை செய்யும் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்த கருவாட்டிலிருந்து வந்தது. அன்றிலிருந்து ஹாஜி என்னிடம் எதற்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: "என்ன பார்த்தே? நெனச்சதக் கேக்கல." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கனவில்கூடச் சாட்சிக்கூண்டு வர ஆரம்பித்தது.

இனி கே.டி. அறை. மரத்தை அடுக்கி, கதவைச் சாத்தி, பாய்லரிலிருந்து சூடு விட்டு, நாள்கணக்கில் காயவைக்கும் பெரிய அறைக்கு எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் அதுதான் பெயர். உள்ளே போகும்போது மரத்தில் ஈரம் சொட்டும். மேசை நாற்காலி செய்ய அந்த ஈரம் நூற்றுக்குப் பத்துக்குக் கிட்டத்தில் வந்து நிற்கவேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் வீட்டுக்குப் போனபிறகு மேசை வளையும். அதைத் தாண்டிவிட்டால் அறைக்குள்ளேயே பலகை பிளக்கும். எப்போது சூட்டைக் குறைப்பது, எப்போது கதவைத் திறப்பது என்று பார்த்துக்கொள்வதுதான் கே.டி. ஆப்பரேட்டர் வேலை. எங்கள் ஆப்பரேட்டர் பார்வதி. ஆண்களே பார்த்துவந்த வேலையை வாங்கிக்கொண்டு, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெண். பலகையைக் கையால் தட்டி, ஒரு புருவத்தைத் தூக்கினால், தவுக்கே மகனே இரண்டடி பின்னால் போவான்.

பழைய வழக்கம் இது: ஒவ்வொரு ஷிஃப்டும் முடியும்போது கருவியில் ஈரத்தைப் பார்த்து, கதவிலேயே சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள். நாற்பது, அதன் கீழே முப்பத்தேழு, அதன் கீழே முப்பத்துமூன்று. கதவு முழுக்க எண்கள் மேலிருந்து கீழாக ஏணிபோல இறங்கும். அசிங்கமாக இருக்கிறது, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தவுக்கே மகன் முகம் சுளித்தான். அங்கேதான் நான் கையைத் தூக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் இ-பேப்பர் திரை எனக்கு அறிமுகமாகியிருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கடைகளில் விலைச்சீட்டுக்குப் பதிலாக வைக்கிறார்களே, அந்த வகை. அதன்மேல் எனக்கு வந்தது காதல் என்றுதான் சொல்லவேண்டும். சரோஜா வேறு பெயர் வைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளுக்குள் எண்ணெய். எண்ணெயில் கறுப்புத்துகளும் வெள்ளைத்துகளும். மின்சாரத்தை ஒரு பக்கம் காட்டினால் கறுப்பு மேலே வரும், மறுபக்கம் காட்டினால் வெள்ளை மேலே வரும். அவ்வளவுதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் வந்தது வந்த இடத்திலேயே நிற்கும். பேட்டரியைக் கழற்றி, திரையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறுவாரம் எடுத்துப் பார்த்தேன். எழுதியது அப்படியே இருந்தது. நானோ காலையில் சொன்னதை மத்தியானம் மறக்கிறவன்.

ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திரை முழுவதையும் புதிதாக எழுதச் சொன்னால், முதலில் முழுக்கக் கறுப்பாகும், பிறகு வெள்ளையாகும், மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளை. இப்படித் தும்மித் தும்மி முடித்துவிட்டுத்தான் எழுத்தைக் காட்டும். துகள்களை நன்றாகக் குலுக்கி, பழையதைத் துப்புரவாக அழிப்பதற்காக அது செய்யும் வேலை. இதற்கு மாற்றாக இன்னொரு வழி இருக்கிறது. திரையில் ஒரு சின்னச் செவ்வகத்தை மட்டும் குறித்துக்கொடுத்து, 'அதற்குள் இருப்பதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே' என்று, திரையை இயக்கும் சின்னச் சில்லான மைக்ரோகண்ட்ரோலர் மூலம் சொல்லலாம். பகுதிப் புதுப்பிப்பு. தும்மல் கிடையாது, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், பேட்டரியும் மிச்சம். ஆனால் முழுசாகக் குலுக்காததால் பழைய எண்ணின் சாயல் கொஞ்சம் தங்கும். நான் நகப்பூச்சுத் திரவத்தால் துடைத்த எட்டு அதுதான். அதனால் சில தடவை பகுதியாகப் புதுப்பித்தால் ஒரு தடவை முழுசாகப் புதுப்பிக்கவேண்டும் என்று, திரையோடு வந்த குறிப்பிலேயே போட்டிருந்தது. துடைத்து முடித்த பிறகுதான் அதைப் படித்தேன்.

கதவுக்கு ஒன்றாகத் திரைகளை மாட்டினேன். மரத்துக்குள் சொருகிய ஊசியிலிருந்து கம்பி வரும். மைக்ரோகண்ட்ரோலர் ஈரத்தை அளந்து திரையில் எழுதும். அறைக்கதவைத் திறந்தால் ஒரு காந்த சுவிட்ச் தட்டி, திரை ஒரு தடவை தும்மி, முதலிலிருந்து சுத்தமாக ஆரம்பிக்கும். புது மரம் ஏற்றும்போது புதுத் திரை. சாக்பீஸ் டப்பாவை நானே எடுத்துக்கொண்டுபோய் ஸ்டோரில் கொடுத்தேன். கதவுகளைத் துடைத்துச் சாயம் அடித்தார்கள்.

சில நாளில் பார்வதி வந்தாள்.

"அண்ணே, உங்க ஸ்க்ரீன் கண்ணடிக்குதுண்ணே."

"என்னது?"

"நான் பாக்க வர்ற நேரமா பாத்து, டப்பு டப்புன்னு கண்ணடிக்குது. நம்பர் தெரிய மாட்டுது. அந்தப் பாய்லர் பசங்க வேற, 'அக்கா, உங்களத்தான் கூப்புடுது'ன்னு சிரிக்கிறானுங்க. எனக்கு மானம் போவுது லா."

எனக்கும் அந்தத் தும்மல் பிடிக்கவில்லைதான். பேட்டரியையும் தின்றது. இடையிடையே வரும் முழுப் புதுப்பிப்பை எடுத்துவிட்டேன். கதவு திறக்கும்போது மட்டும் தும்மட்டும், மற்ற நேரமெல்லாம் பகுதியாக மாறட்டும் என்று வைத்தேன். லேசாகச் சாயல் தங்கினால் தங்கட்டும், எண் தெரிந்தால் போதாதா? பார்வதி சந்தோஷப்பட்டாள். பாய்லர் பையன்கள் ஏமாந்துபோனார்கள்.

இந்த இடத்தில் என் அழகுணர்ச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். எண்களை எங்கே எழுதுவது? இடது ஓரத்தில் தொடங்கி எழுதுவதுதான் சுலபம். ஆனால் எனக்கு, கணக்குப் புத்தகத்தில் எழுதுவதுபோல, ஒன்றாம் இடம் ஒன்றாம் இடத்திலேயே நேராக நிற்கவேண்டும். அதனால் வலது ஓரத்தில் சேர்த்து எழுதவைத்தேன். மாற்றவேண்டிய செவ்வகத்தின் அளவை, புதிதாக எழுதப்போகும் எண்ணை அளந்து அதற்குச் சரியாக எடுத்தேன். ஆளுக்குத் தகுந்த சட்டை. ஒரு புள்ளிகூட வீணாகத் தொடவேண்டாம். மேசையில் வைத்து, பூஜ்யத்தில் தொடங்கித் தொண்ணூற்றொன்பதுவரை எண்ணவைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணும் பளிச்சென்று வந்தது. சரோஜாவை அழைத்துவந்து காட்டியிருப்பேன். அவளுக்கு வேலை இருந்தது.

அடுத்த பொங்கலுக்குப் பார்வதி சிகாமட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். போன இடத்தில் விடாத மழை, ஆறு ஏறி ரோட்டை மூடிவிட்டது. லீவு முடிந்தும் அவளால் வரமுடியவில்லை. மூன்றாம் எண் அறையில் மரம் ஏற்றி, ஈரம் நாற்பது சொச்சம் இருக்கும்போது போனவள், தண்ணீர் வடிந்து வந்து சேர்ந்தபோது, அவளுக்குப் பதில் பார்த்துக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரரைப் பெயின்ட் அடிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அவரைத் தேடிப்போய் எதுவும் கேட்கவேண்டியதில்லை. அதற்குத்தானே திரை? அவள் திரையைப் பார்த்தாள். பத்தொன்பது.

நாற்பதில் விட்டுப்போனது பத்தொன்பதுக்கு வந்திருக்கிறது. கொஞ்சம் மெதுதான். ஆனால் அந்த மழையில் பாய்லருக்குப் போடும் மரத்துண்டே நனைந்துதான் கிடந்தது. சூடு சரியாக ஏறியிருக்காது என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை. பாய்லர் ஆளிடம் இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றச் சொன்னாள். பத்தொன்பது பதினெட்டானது. பதினெட்டு பதினேழானது. எல்லாம் ஒழுங்காக, வரிசையாக, அழகாக இறங்கியது. பதினாறுக்கு வந்தபோது, அறைக்குள்ளிருந்து படக் படக்கென்று சத்தம் கேட்டது. பார்வதி ஓடிப்போய்க் கதவைத் திறக்கச் சொன்னாள்.

உள்ளே பலகைகள் பொரித்த அப்பளம்போல வளைந்து கிடந்தன. ஓரங்களில் விரல் நுழையும் வெடிப்பு. ஏற்றுமதிக்கான சாப்பாட்டு மேசைகளுக்கென்று பொறுக்கி எடுத்து அடுக்கிய மரம். எல்லோரும் கூடிவிட்டோம். கதவில் திரை ஒரு தடவை தும்மிவிட்டு, தெளிவாக ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆறு.

"இப்பதாண்ணே பதினாறு இருந்துச்சு" என்றாள் பார்வதி. எல்லோர் கண்ணுக்கும் எதிரில் ஆறு நின்றது.

தவுக்கே மகன் அலுவலகத்துக்கு அழைத்தான். கெட்டவன் இல்லை, பயந்தவன். அப்பாவுக்குப் பதில் சொல்லவேண்டியவன். பார்வதிக்குச் சில மாதம் முன்பு ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"கக்கா, மாத்தா ரோசாக் கா?" என்றான். அக்கா, கண் கெட்டுப்போச்சா என்று, மலாயில்.

"கண்ணு ஒண்ணுதான் ஆபரேசன் பண்ணது பாஸ். அதுவும் இப்ப நல்லாத்தான் தெரியுது. நான் ரெண்டாலயும் பாத்தேன். பதினாறு."

கே.டி. வேலையிலிருந்து எடுத்து, பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டப் போடலாம் என்று பேச்சு வந்தது. பெட்டி ஒட்டுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கே.டி. அறைக்கு எதிரில்தான் பேக்கிங். தினமும் வேறொருவர் தன் கதவுகளைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே ஒட்டவேண்டும், கண் தெரியாதவள் என்ற பெயரோடு. பார்வதி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருவம் எழாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

அவன் என் பக்கம் திரும்பி, திரை தப்பாகக் காட்டியிருக்குமா என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எண்ணை அளக்கிறது ஊசி, காட்டுறது மெஷின். ஊசியும் ஆறு சொல்லுது, மெஷினும் ஆறு காட்டுது. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது பாஸ்." ஹாஜி மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். கருவாட்டு வாசனை வந்தது எனக்கு.

முடிவு எடுக்குமுன் இரண்டு நாள் கொடுங்கள் என்று ஹாஜி கேட்டு வாங்கினார். வெளியே வந்ததும் நேராகப் பெயின்ட் பிரிவுக்குப் போய் அந்தப் பங்களாதேஷ்காரரைப் பிடித்தார். நானும் பின்னால் போனேன். கடைசியாக அவர் பார்த்தது பதினொன்று என்றார். பார்வதி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம்.

"பாத்தீங்களா ஹாஜி" என்றேன், கொஞ்சம் உற்சாகமாகவே. "மொத நாளு பதினொண்ணு, மறுநாளு பத்தொம்போதா? சூட்டுல கெடக்குற மரம் எப்படி ஈரமாகும்? அவங்களுக்குத்தான் கண்ணு…"

"இந்த ஆளு பார்த்தது பதினொண்ணு. அவங்க பார்த்தது பத்தொம்போது. ரெண்டு பேரும் பார்த்ததத்தான் சொல்றாங்க. இங்க நெனச்சதச் சொல்ற ஆளு நீ ஒருத்தன்தான்."

பட்டறைக்குத் திரும்பி நடந்தோம்.

"அந்தம்மா சொல்றது உண்மைன்னே வச்சுக்க" என்றார். "அந்தப் பத்தொம்போத எனக்கு வரவழச்சுக் காட்டு. வரலேன்னா அப்புறம் கண்ணப் பத்திப் பேசலாம்."

திரையைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தேன். பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பதுவரை மறுபடி எண்ணவைத்தேன். ஒரு தப்பும் இல்லை. இன்னொரு தடவை. இல்லை. ஹாஜி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நம்பரக் குடுத்தா நல்லாத்தான் எண்ணுது. மரத்தக் குடு" என்றார்.

எனக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது, ஆனாலும் ரப்பர் மரத்துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் ஊசியைச் சொருகி, திரையோடு இணைத்து, பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னைப் பிடித்துச் சூடு காட்ட உட்கார்ந்தேன். பார்வதி வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க எதுக்கும்மா? நான் பாத்துட்டுச் சொல்றேன்."

"நானும் இருக்கேண்ணே. பின்னாடி, நீ இல்லாதப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுவீங்க."

மரத்திலிருந்து ஆவி வந்தது. பட்டறை முழுக்க அவித்த மரத்தின் புளிப்பு வாடை. முப்பது, இருபத்தொன்பது என்று மெதுவாக இறங்கியது. பார்வதி முதலில் ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எண்ணை உரக்கப் படித்தாள். அடுத்த எண்ணுக்கு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு படித்தாள். ஹாஜி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"இருவது" என்றாள். "பத்தொம்போது. இது உண்மையான பத்தொம்போதாண்ணே?"

"உண்மைதான்மா."

பதினைந்து. பதின்மூன்று. பன்னிரண்டு. என் கை வலித்தது. ஹாஜி ஹீட் கன்னை வாங்கிக்கொண்டார். பதினொன்று. அது கொஞ்ச நேரம் நகரவே இல்லை. பிறகு பத்து.

பத்துக்குப் பிறகு பத்தொன்பது.

எந்தத் தும்மலும் இல்லை, எந்தத் தயக்கமும் இல்லை. பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்பது வந்து அமர்ந்தது. பக்கத்தில் ஒன்று, அதே கறுப்பில், அதே நேர்க்கோட்டில், நான் ஆசைப்பட்ட ஒழுங்கோடு நின்றுகொண்டிருந்தது.

பார்வதி என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, இப்ப எந்தக் கண்ண மூடட்டும்?"

ஹாஜி ஹீட் கன்னைக் கீழே வைத்தார்.

"என்ன பார்த்தே செல்வம்?"

"பத்தொம்போது, ஹாஜி."

"கம்பி என்ன சொல்லுது?"

ஊசிக் கம்பியில் சேர்த்திருந்த ஈரம் அளக்கும் மீட்டரைப் பார்த்தேன். "ஒம்போது."

விஷயம் இவ்வளவுதான். பத்து இரண்டு எண் அகலம். ஒன்பது ஓர் எண் அகலம். நான் செவ்வகத்தைப் புது எண்ணுக்கு அளவெடுத்தேன். ஒன்பது எழுத ஓர் எண் அகலத்துக்குச் செவ்வகம் போதும் என்று மைக்ரோகண்ட்ரோலர், நான் சொல்லிக்கொடுத்தபடியே, வலது ஓரத்தை மட்டும் மாற்றியது. செவ்வகத்துக்கு வெளியே இருந்த பழைய ஒன்றை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. இ-பேப்பர், நான் எதற்காகக் காதலித்தேனோ அதே குணத்தால், சொல்லாமல் எதையும் விடாது. ஒன்பது பத்தொன்பதானது, எட்டு பதினெட்டானது, ஆறு பதினாறானது. கதவைத் திறந்தவுடன் முழுசாகத் தும்மி, தடயத்தையும் அழித்துவிட்டு, ஆறு என்று அப்பாவியாக நின்றது. அதாவது, பரிசோதிக்க யார் வந்தாலும் சரியாகக் காட்டும்; பார்வதி தனியாகப் பார்க்கும்போது மட்டும் தப்பாகக் காட்டும். இடையிடையே வந்த கண்ணடிப்பை நான் எடுக்காமல் இருந்திருந்தால், கொஞ்ச நேரத்தில் தானே சரியாகியிருக்கும். இடது ஓரத்தில் எழுதியிருந்தாலாவது தொண்ணூறு என்று காட்டியிருக்கும். மரத்துண்டுகூட அதை நம்பியிருக்காது. வலது ஓரத்தில் ஒழுங்காகச் சேர்த்து எழுதியதால்தான் தப்பு இவ்வளவு நம்பும்படியாக இருந்தது.

மேசையில் ஏன் சிக்கவில்லை? நான் ஏறுமுகமாக எண்ணவைத்தேன். ஒன்பதிலிருந்து பத்துக்கு ஏறினால் செவ்வகம் பெரிதாகும். பழையது அதற்குள் அடங்கிவிடும். கே.டி. அறையில் மரம் ஒருநாளும் ஏறுமுகமாக எண்ணாது. அங்கேயும் மற்ற நாளில் பார்வதி பத்திலேயே கதவைத் திறந்துவிடுவாள், அதனால் அதுவரை சிக்கவில்லை. இறங்குவதற்காகவே செய்த கருவியை ஏறவைத்துப் பரீட்சை வைத்து, முழு மதிப்பெண் கொடுத்தவன் நான்.

ஹாஜி என்னைத் திரையோடும் மரத்துண்டோடும் தவுக்கே மகனிடம் அழைத்துப்போனார். அவன் முன்னாலும் எல்லாவற்றையும் மறுபடி செய்துகாட்டச் சொன்னார். மரத்துண்டை மறுபடி நனைத்து, மறுபடி சூடு காட்டி, மறுபடி பார்வதி ஸ்டூலில். பத்தொன்பது வந்ததும் அவன் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டான். "அலமாக்!" என்றான். பிறகு பார்வதியிடம், தரையைப் பார்த்துக்கொண்டு, "சோரி லா, கக்கா" என்றான். பெட்டி ஒட்டும் பேச்சு அன்றோடு போயிற்று. அவள் புருவம் அதன் பழைய இடத்துக்கு ஏறியது. அவன் இரண்டடி பின்னால் போனான்.

எனக்கு என்ன சொல்வான் என்று காத்திருந்தேன். "நீ சொன்னியே, மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு" என்றான், மலாயில். அவ்வளவுதான். அதற்குமேல் அவன் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெடித்த பலகைகளை அறுத்து, தேறியதை நாற்காலிக் கால்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏற்றுமதி தாமதமானது. நான் புரோகிராமைத் திருத்தினேன். பழைய எண்ணின் அகலத்தையும் ஞாபகத்தில் வைத்து, பழையது புதியது இரண்டில் எது அகலமோ அதற்குச் செவ்வகம் எடுக்கவைத்தேன். சில தடவைக்கு ஒரு தடவை முழுசாகப் புதுப்பிப்பதையும் திரும்பப் போட்டேன். ஏறுமுகம், இறங்குமுகம், தாறுமாறு என்று எல்லாப் பக்கமும் எண்ணவைத்துப் பார்த்தேன். பிறகு பார்வதியிடம் போய், நின்றுகொண்டே ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன்: துகள்கள், எண்ணெய், செவ்வகம், சாயல், அதனால் இனிமேல் இடையிடையே முழுத்திரையும் கறுப்பு வெள்ளையாக மின்னும், பொறுத்துக்கொள்ளவேண்டும், மன்னிக்கவும்.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கண்ணடிக்கட்டும் விடுங்கண்ணே. இந்த வயசுல வேற எவன் நமக்குக் கண்ணடிக்கப் போறான்?"

மறுநாள் ஸ்டோரிலிருந்து சாக்பீஸ் டப்பா காணாமல் போயிருந்தது. புதுச் சாயம் அடித்த கதவில், திரைக்குக் கீழே, ஏணி மறுபடி இறங்க ஆரம்பித்தது. தவுக்கே மகன் அதைப் பார்த்தான், முகம் சுளிக்கவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, தர்ஷினிக்கு அனுப்பும் முன் ஹாஜியிடம் காட்டவேண்டும் என்று தோன்றியது. அவர் எனக்கு முன்பே ஓய்வுபெற்றவர். காலையில் தஞ்சோங் பக்கம் ஆற்றோரமாக நடந்துவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி, காலைப் பசியாறலுக்குக் குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சாத்தே சாப்பிட உட்காருவார். அங்கேயே போய்ப் போனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் சாத்தேக் குச்சியோடு, மெதுவாகத் தள்ளித் தள்ளி முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கே. கருவாட்டக்கூட விடல" என்றார். பிறகு குச்சியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார். "ஏன் தம்பி, ஒம்போதுக்கு முன்னால ஒரு சைபரப் போட்டிருந்தா? பூஜ்யம் ஒம்போது. எப்பவும் ரெண்டு எழுத்தாவே இருந்திருக்கும்ல? எல்லாம் அதோட முடிஞ்சிருக்குமே?"

ஆற்றைப் பார்த்தேன். ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அது மறைவதற்குள், மனசுக்குள் பத்துக்குப் பிறகு பூஜ்யம் ஒன்பதை எழுதிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

"இது இப்பத்தான் தோணுச்சா ஹாஜி?"

"இல்லல்ல. அன்னிக்கே, பட்டறையிலயே தோணுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீ அன்னிக்குத்தான் மொத மொதலா பார்த்ததச் சொல்லிக்கிட்டு இருந்தே. குறுக்க பேச வேணாம்னு விட்டுட்டேன்."